தெருவில் போகிறவரை விடக் கொஞ்சம் குறைவு

நான் பேஸ்போல் விளையாடப் போனதற்குக் கழிவறைக் காகிதம்தான் காரணம்.

சுவிஸில், ஓல்டன் நகரில் ஒரு பெரிய பண்டகசாலையில் எனக்கு வேலை. லொறியில் வருகிற பெட்டிகளை இறக்கித் தட்டுகளில் ஏற்ற வேண்டும். தட்டுகளில் இருப்பவற்றை இறக்கி வேறு லொறியில் ஏற்ற வேண்டும். ஒருநாள் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டி சரிந்து வருவதைக் கண்டேன். நான் சற்றுத் தள்ளித்தான் நின்றேன். ஆனால் உடம்பு என்னைக் கேட்காமலே பாய்ந்துவிட்டது. சீமெந்துத் தரையில் வயிறு உரச விழுந்து, பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திவிட்டேன். எழுந்து பார்த்தால் உள்ளே முழுக்கக் கழிவறைக் காகிதச் சுருள்கள். பத்து மாடியிலிருந்து விழுந்திருந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகியிராது. எனக்குத்தான் முழங்கைத் தோல் போயிருந்தது.

லொறிகளுக்கு நேரம் ஒதுக்குகிற அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு சுவிஸ்காரர் இதைப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது, நரைத்த மீசை, எந்நேரமும் கையில் கோப்பி. அதுவரை நாங்கள் இருவரும் 'கிரூட்சி' என்று வணக்கம் சொல்லியதோடு சரி. அன்று வெளியே வந்து என் முழங்கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு கேட்டார். அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"நீ முந்தி ஏதாவது விளையாடினனியோ?"

"கிரிக்கெட். விக்கெட் கீப்பர்."

"இதுக்கே இப்பிடிப் பாயிறவன் பந்துக்கு எப்பிடிப் பாய்வாய்! வியாழக்கிழமை பின்னேரம் வா."

அவர் ஒரு பேஸ்போல் கழகத்தின் பயிற்சியாளர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். சுவிஸில் பேஸ்போல் விளையாடுகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும். சுவிஸ்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

கழகம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். ஆற்றோரத்தில், இரண்டு ரயில் நிலையம் தள்ளி, ஒரு புல்வெளி. ஒரு மூலையில் உதைபந்தாட்டக் கம்பம். வேலிக்கு அந்தப் பக்கம் பசுக்கள். கீழ்மட்ட லீக்கில் அதன் இடம் எப்போதும் நடுவில்தான். ஆட்களில் தச்சர் இருந்தார், பள்ளி ஆசிரியர் இருந்தார், ஒரு பல் மருத்துவ மாணவன் இருந்தான். அந்த மாணவனைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல வேண்டி வரும். அவன் ஒருவன்தான் உண்மையில் விளையாடத் தெரிந்தவன்.

முதல்நாள் மட்டையைத் தந்தார்கள். பந்து வந்தது. நான் கிரிக்கெட் பழக்கத்தில் லாவகமாகப் பின்பக்கம் தட்டிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் அந்த அடிக்குக் கைதட்டுவார்கள். இங்கே எல்லோரும் மௌனமாக நின்றார்கள். பின்பக்கம் போகிற பந்து கணக்கில் சேராதாம். அடுத்த பந்தை முன்னால் அடித்தேன். அடித்ததும் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸை நோக்கி ஓடினேன். பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பேஸில் நின்ற ஆசிரியர் பாவம். நாற்பத்து நாலு வயதுக் கறுத்த மனிதன் ஒருவன் தடியோடு தன்னை நோக்கிப் பாய்ந்து வருவதைக் கண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். நானும் விடாமல் ஓடினேன்.

பயிற்சியாளர் மட்டும் சிரித்துச் சிரித்துக் கோப்பியைச் சிந்தினார். "இவன் கெம்ப்ஃபர்!" என்றார். போராளி என்று அர்த்தம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரம் இருந்தது. ஒரு கணம் திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் விளங்கியது, இங்கே அது விளையாட்டு மைதானத்தில் தருகிற பாராட்டு என்று.

எனக்கு அந்தப் பாராட்டு பிடித்துக்கொண்டது. அதைக் காப்பாற்றுவதற்காக எல்லாப் பந்துக்கும் பாய்ந்தேன். வெளிக்களத்தில் நடுவில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். இடப்பக்கம் வந்தாலும் பாய்வேன், வலப்பக்கம் வந்தாலும் பாய்வேன். சில பந்துகள் கிடைக்கும், சில கிடைக்காது, சேறு மட்டும் ஒவ்வொரு தடவையும் கிடைக்கும்.

சேற்றினால் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. எங்கள் கட்டடத்தில் பத்து வீடுகளுக்கு ஒரே சலவை அறை. எங்களுக்கு ஒதுக்கிய நாள் புதன். மட்ச் ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் அந்தக் காற்சட்டை பல்கனியில் தானாகவே நிமிர்ந்து நிற்கும். ஒரு வியாழக்கிழமை சலவை அறைக் கதவில் கீழ்வீட்டு அம்மா ஒரு கடிதம் ஒட்டியிருந்தார். 'அன்புள்ள அயலவர்களே' என்று தொடங்கியது. அதோடு சிறிய பிளாஸ்டிக் பை ஒன்றும் தொங்கியது. இயந்திரத்தின் வடிகட்டியிலிருந்து எடுத்த மண், சாட்சிக்காக.

என் மனைவி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அந்தப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்கட ஹைம்ல எண்பத்தஞ்சு வயசு அம்மாமார் விழாமல் நடக்கினம். நீங்கள் விழுறதுக்கெண்டே ரயில் ஏறிப் போறியள்."

"உமக்கு விளங்காது. நான் விழுந்தால்தான் மற்றவைக்கு உசார் வரும்."

"ஆர் சொன்னது?"

"கோச்."

"அவர் விழுறவரோ?"

அவர் விழுவதில்லை. அவர் கோப்பியோடு நிற்பார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் நான் விழுவதோடு மட்டும் நிற்கவில்லை. எனக்கு வார நாட்களில் அதிகாலை வேலை. நாலரைக்கு எழும்பிப் பழகியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்பது மத்தியானம் மாதிரி. அதனால் மைதானத்துக்கு முதலில் போவேன். பேஸ்களைப் பதிப்பேன், சுண்ணாம்புக் கோடு போடுவேன், மழை பெய்திருந்தால் மண்ணை வாரிச் சமப்படுத்துவேன். மூன்றாவது மட்சுக்குப் பல் மருத்துவ மாணவன் தூங்கிப்போய் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தான். அதன்பிறகு ஒவ்வொரு மட்ச் நாளும் சரியாக ஏழே காலுக்கு அவனுக்குப் போன் எடுப்பது என் வேலை ஆயிற்று. யாரும் சொல்லித் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான். "எழும்பிட்டியா?" என்பேன். "ம்" என்பான். "கால் ரெண்டும் நிலத்தில இருக்கா?" என்பேன். கொஞ்ச நேரம் சத்தம் இராது. பிறகு "இப்ப இருக்கு" என்பான்.

அடுத்த வருடம் வசந்தத்தில் கணக்குத் தம்பி வந்து சேர்ந்தார். அவருக்கு அந்தப் பெயர் நான் வைத்தது. தமிழ்நாட்டுக்காரர், முப்பது வயது இருக்கும். சூரிச்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஆபத்துகளைக் கணக்கிடுகிற வேலை. ஓல்டனில் வாடகைக்கு இருந்தார். சின்ன வயதிலிருந்து பேஸ்போல் புள்ளிவிவரங்களை வாசித்து வாசித்து ஆசைப்பட்டு, கழகத்தைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். முதல்நாள் பந்தை எறியச் சொன்னார்கள். எறிந்தார். பந்து அவருடைய காலுக்குப் பக்கத்திலேயே விழுந்து நின்றது. ஆனால் அது ஏன் அங்கே விழுந்தது என்று அவரால் மிகச் சரியாக விளக்க முடிந்தது.

பயிற்சியாளர் பெருந்தன்மையானவர். அவருக்கும் உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுத்து, ஆட்டக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, களத்துக்கு வெளியே மர வாங்கில் உட்கார வைத்தார். தம்பி மடிக்கணினியைத் திறந்தார். அன்று முதல் நாங்கள் செய்கிற எல்லாம் அதற்குள் போயிற்று. எத்தனை தடவை அடிக்க நின்றோம், எத்தனை தடவை பேஸுக்குப் போனோம், எந்தப் பக்கம் வந்த பந்தை விட்டோம், எல்லாம்.

எங்களுக்குள் நல்ல ஒட்டு. ஞாயிறு காலை ஒரே ரயிலில் போவோம். நான் 'பேஸ்போல்' என்பேன், அவர் 'பேஸ்பால்' என்பார். நான் 'மட்ச்' என்பேன், அவர் 'மேட்ச்' என்பார். என் மனைவி சுட்டுத் தருகிற ரோல்ஸில் மரக்கறி ரோல்ஸ் அவருக்கென்று தனியாக இருக்கும். என்னை 'அண்ணா' என்று கூப்பிடுவார். இந்த மனிதர்தான் எனக்கு அந்தச் செய்தியைச் சொல்லப்போகிறார் என்று நான் எப்படி நினைப்பேன்?

அந்த வருடம் எங்கள் அணி நன்றாக ஆடியது. பல் மருத்துவ மாணவன் பந்தை அடிக்கத் தொடங்கினால் பசுக்கள் வேலியை விட்டு விலகி நிற்கும். லீக் முடிவில் நாங்கள் முதல் நான்கு இடங்களுக்குள் வந்துவிட்டோம். அரையிறுதி, அதில் வென்றால் இறுதி. அரையிறுதிக்கு முந்திய வாரம், பயிற்சிக்குப் போகிற ரயிலில் தம்பி ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"என்ன தம்பி, உறைப்போ?"

"இல்லண்ணா. கோச் ஒரு டேபிள் கேட்டார். ப்ளேஆஃப்ல யார எறக்கலாம்னு. நேத்து குடுத்துட்டேன்."

"நல்லது தானே. ஆர் முதல்?"

"பல் டாக்டர் தம்பி."

"அது தெரிஞ்சதுதான். நான் எங்க நிக்கிறன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "ரோல்ஸ் ரொம்ப நல்லா இருக்குண்ணா."

"நீர் இன்னும் கடிக்கேல்ல. சொல்லும்."

"கடைசில, அண்ணா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெரிய மனிதன் போல் சிரித்தேன். "சரி, ஆரோ ஒராள் கடைசியில நிக்கத்தானே வேணும்."

"இல்லண்ணா, அதுக்கும் கீழ." அவர் ரோல்ஸை மடியில் வைத்துவிட்டுக் கைகளால் விளக்கத் தொடங்கினார். "தெருவுல போற யாரோ ஒருத்தரக் கூப்ட்டு, கையில கிளவ் மாட்டி நிக்க வெச்சா எவ்வளவு பண்ணுவாரோ, அத ஒரு கோடா வெச்சுக்குவோம். எல்லாரையும் அந்தக் கோட்டுக்கு மேலயா கீழயான்னு பாப்போம். நீங்க கொஞ்சம் கீழ."

"எந்தத் தெரு?"

"எந்தத் தெருவும் இல்லண்ணா. கற்பனை ஆளு."

"அப்ப நான் இல்லாத ஒரு மனுசனிட்டயோ தோத்துப்போனன்?"

"கொஞ்சமாத்தான் அண்ணா."

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டது. எனக்கு ஒரு வழக்கு மிச்சம் இருந்தது. அதை எடுத்து வைத்தேன்.

"தம்பி, நான் பாய்ஞ்சு பிடிக்கிற பந்துகள்? அதுகளுக்குக் கணக்கில்லையோ? கோச்சே கைதட்டுறவர்."

அவர் தலையைச் சொறிந்தார். அவருக்கு என்மேல் உண்மையான அன்பு இருந்தது. அதனால்தான் உண்மையைச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

"வீடியோவுல பாத்தேன். பந்து அடிச்சதும் நீங்க கெளம்புறதுக்குக் கொஞ்சம் லேட் ஆகுது. அதனாலதான் பாய வேண்டி வருது. வேற யாராவது நின்னா நடந்து போயி நின்னுக்கிட்டே பிடிச்சிடுவாங்க."

அவர் கொஞ்ச நேரத்தில் ரோல்ஸைச் சாப்பிட்டார். பசி பாவம்.

வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். கோப்பி ஊற்றித் தந்தார். பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டும் வைத்தார். சுவிஸில் மேலாளர் ஒருவர் கோப்பியோடு இரண்டு பிஸ்கட் வைத்தால் செய்தி நல்லதில்லை.

"நீ எங்கட அணியின்ர இதயம்," என்றார்.

"நன்றி."

"ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதயம் வாங்கில இருக்கோணும்."

அவருக்கும் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டே பேசினார். போராடுகிறவன் இல்லாமல் எந்த அணியும் கப் வென்றதில்லை என்று தான் நம்புவதாகவும், ஆனால் அதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் அதற்கு ஆதாரம் கேட்டதாகவும், தன்னிடம் ஆதாரம் இல்லை என்றும் சொன்னார். நான் இரண்டு பிஸ்கட்டையும் சாப்பிட்டேன். சாப்பிடாமல் விட்டால் கோபம் என்று நினைப்பார். கோபம்தான்.

அரையிறுதியில் என் இடத்தில் தச்சருடைய மருமகன் நின்றான். அமைதியான பையன். நடுவில் வந்த நாலு பந்தையும் நின்றபடியே பிடித்தான். காற்சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. நாங்கள் பதினொன்றுக்கு இரண்டு என்று வென்றோம். நான் வாங்கில் இருந்து சத்தமாகக் கைதட்டினேன். பக்கத்தில் இருந்த தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கூட அந்தப் பையன் பந்தைத் தவறவிடவில்லையே என்று எனக்கு வந்த எண்ணத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வந்தது.

அடுத்த வெள்ளி பக்கத்து ஊர் திரிம்பாக் கோவிலில் தெரிந்தவர் ஒருவர் விசாரித்தார். போன வருடம் முழுக்க அவரிடம் என் பாய்ச்சல்களைப் பற்றி அளந்திருந்தேன். "என்ன அண்ணை, உங்கட விளையாட்டு எப்பிடிப் போகுது?" என்றார். "நாங்கள் வெண்டிட்டம், பைனலுக்குப் போறம்" என்றேன். 'நாங்கள்' என்கிற சொல்லை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று இரவு என் தட்டில் இரண்டு பொரித்த அப்பளம் கூடுதலாக இருந்தது. அவள் ஆறுதல் சொல்கிற விதம் அது.

இறுதி ஆட்டத்தன்று காலை ரயிலில் ஏழே காலுக்கு நான் போனைக் கையில் எடுத்தேன். பல் மருத்துவ மாணவனின் பெயர் திரையில் இருந்தது. ஒரு விரலால் தொட்டால் போதும். 'இதயம் வாங்கில் இருக்கட்டும், இன்றைக்கு அவனைக் கற்பனை மனிதர் எழுப்பட்டும்' என்று நினைத்தேன். போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் மறந்துபோனேன் என்றுதான் சொன்னேன். மறக்கவில்லை.

மைதானத்தில் எதிரணி பதினாறு பேராக வந்து இறங்கியது. எங்கள் பக்கம் என்னை விட்டு எண்ணினால் ஏழு. தச்சருடைய மருமகன் முதல்நாள் அப்பிள் பறிக்க ஏணியில் ஏறி, அப்பிளோடு சேர்ந்து தானும் இறங்கியிருந்தான். கணுக்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருப்பதாகத் தச்சர் சொன்னார். அவர் ஜெர்மனில் சொன்னது வேறு ஏதோ பழம். எனக்குப் பலாப்பழமாகத்தான் கேட்டது. வேறு இருவர் வருடாந்தக் கட்டாய இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். பல் மருத்துவ மாணவனைக் காணவில்லை.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். தொடக்கத்தில் ஒன்பது பேர் களத்தில் நிற்காவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. எனக்கு வியர்த்தது. கழிவறைப் பக்கம் ஓடிப்போய் அவனுக்குப் போன் எடுத்தேன். ஆறாவது தடவை எடுத்தான்.

"இண்டைக்கு ஞாயிறா?" என்றான்.

"ஞாயிறு! பைனல்! கால் ரெண்டையும் நிலத்தில வை!"

அவன் பேர்ணில் இருந்தான். வந்து சேர எப்படியும் ஒன்றரை மணித்தியாலம். திரும்பி வந்தபோது பயிற்சியாளர் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு பேர். என்னைக் கண்டு, "எட்டு" என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி வாங்கைப் பார்த்தார். அங்கே ஒருவர்தான் இருந்தார், மடிக்கணினியோடு.

"நானா?" என்றார் தம்பி.

அவரிடம் உறுப்பினர் அட்டை இருந்தது. சீருடை மேல்சட்டை முழங்கால் வரை வந்தது. அவரை வலப்பக்க வெளிக்களத்தில் நிறுத்தினார்கள், எனக்குப் பக்கத்தில். "தம்பி, பந்து வந்தால் எனக்கு விடும், நான் வாறன்" என்று சொல்லி வைத்தேன். முதல் இன்னிங்ஸிலேயே பந்து உயரமாக அவரை நோக்கிப் போயிற்று. நான் ஓடினேன், வழக்கம்போல் கொஞ்சம் பிந்தி. அவர் மேலே பார்த்தார். எங்கே விழும் என்று கணித்தார். நிதானமாக நாலடி பின்னால் போய், இரண்டடி இடப்பக்கம் வந்து நின்றார். கணிப்பு அச்சொட்டாகச் சரி. பந்து அந்த இடத்துக்கே வந்தது. கையைத் தூக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார். பந்து தோளில் பட்டுத் தெறித்து ஓடியது. நான் அதைத் துரத்திப் பிடித்து எறிவதற்குள் எதிரணிக்கு இரண்டு ஓட்டம்.

"வலிக்குதா தம்பி?"

"இடம் கரெக்ட்தானேண்ணா?" என்றார் தோளைத் தேய்த்துக்கொண்டு.

அடுத்த இன்னிங்ஸில் எனக்கு வந்த ஒன்றை நான் விட்டேன். பாய்ந்துதான் விட்டேன். அதில் இன்னொரு ஓட்டம். தெருவில் போகிறவரும் அவரை விடக் குறைந்தவரும் சேர்ந்து வெளிக்களத்தைக் காக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் சிரிக்கிறேன் என்று தெரியவில்லை, ஆனாலும் அவரும் சிரித்தார். பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கோப்பி ஆறிப்போயிருந்தது.

மூன்றாவது இன்னிங்ஸ் முடிகிற நேரம் பல் மருத்துவ மாணவன் வேலியால் ஏறிக் குதித்து வந்தான். நாளைக்குப் பல் வைத்தியம் பார்க்கப்போகிறவன், உதட்டோரத்தில் பற்பசை காய்ந்திருந்தது. தம்பியை வெளியே எடுத்து அவனை உள்ளே விட்டார்கள். அவன் முதல் தடவையே ஆற்றுப் பக்கம் தூக்கி அடித்தான். எங்களுக்கு ஒன்று. பிறகு ஆசிரியரும் தச்சரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். கடைசி இன்னிங்ஸுக்கு முந்தியதில் மூன்றுக்கு மூன்று.

அப்போது அடிக்க நிற்க வேண்டியவன் நான். அதுவரை இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் ஆட்டமிழந்திருந்தேன். எனக்குப் பின்னால் மாணவன். எதிரணியின் பந்து எறிகிறவன் களைத்துப்போயிருந்தான். அவன் எறிந்த மூன்றாவது பந்து நேராக என் விலாவை நோக்கி வந்தது. நான் விலகத்தான் பார்த்தேன், சத்தியமாக. ஆனால் கிளம்ப எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பது ஏற்கெனவே நிறுவப்பட்ட விஷயம். மூச்சு நின்றுபோய் நிலத்தில் குந்தினேன். பந்து உடம்பில் பட்டால் அடிக்க நின்றவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போகலாம். வாங்கிலிருந்து தம்பி துள்ளிக் குதித்துக் கத்தினார்.

"அண்ணா! இது கணக்குல வரும்ணா! ஹிட் அடிச்ச மாதிரிதான்!"

என் வாழ்க்கையில் அவ்வளவு வலியோடு அவ்வளவு பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை. கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு முதல் பேஸுக்கு நடந்தேன். அடுத்த பந்தை மாணவன் பசுக்களுக்கு அப்பால் அனுப்பினான். நான் மெதுவாக ஓடி, ஓட்டத்தை முடிக்கிற ஹோம் பேஸைத் தொட்டேன். பின்னால் அவன் வந்து, என்னை முந்தக் கூடாது என்பதால் பொறுமையில்லாமல் முதுகில் தட்டித் தட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். ஐந்துக்கு மூன்று. அப்படியே முடிந்தது. கடைசிப் பந்து நடுவில் உயரமாக வந்தது. நான் பாய்ந்தேன். மாணவன் பின்பக்கமாக ஓடி வந்து நின்றபடி பிடித்தான். நான் அவனுடைய காலடியில் போய் விழுந்தேன். எல்லோரும் ஓடி வந்து எங்கள்மேல் விழுந்ததால் அதை யாரும் வித்தியாசமாக எடுக்கவில்லை.

பிறகு நான் பலமுறை கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். என் விலாவால் வந்தது ஒரு ஓட்டம். நான் விட்டது ஒன்று. தம்பியின் தோளால் போனது இரண்டு. நான் ஏழே காலுக்கு அந்தப் போனை எடுத்திருந்தால் தம்பி களத்துக்கே வந்திருக்க மாட்டார், அந்த இரண்டும் போயிராது. கப்பை வென்றது பல் மருத்துவ மாணவன்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. போராடுகிறவர்கள் ஒரு சாம்பியன் அணிக்குத் தேவையா என்று என்னைக் கேட்டால், விளையாடத் தெரிந்தவன் முதலில் தேவை என்பேன். ஆனால் அவன் எழும்பி வர வேண்டும். யாராவது எழுப்ப வேண்டும். எழுப்புகிறவன் மனிதனாக இருப்பதால் ஒருநாள் எழுப்பாமலும் விடுவான்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குப் பக்கத்து உணவகத் தோட்டத்தில் விழா. கழகத் தலைவர் பேசினார். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நானும் தம்பியும் மைதானத்தில் மண் நனையாமல் மூடுகிற பெரிய படங்கை இழுத்து விரித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு முனை, நான் மறுமுனை. அவருக்குத் தோள் வலி, எனக்கு விலா வலி. தூரத்தில் கைதட்டல் கேட்டது. "யாருக்கோ பரிசு போல" என்றார் தம்பி. பிறகுதான் தெரியவந்தது. 'சத்தமில்லாமல் உழைக்கிறவர்கள்' என்று எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு முறை கூப்பிட்டும் ஆளைக் காணாததால், எங்கள் சார்பில் பல் மருத்துவ மாணவன் போய்ப் பரிசை வாங்கியிருக்கிறான். பரிசு ஒரு முழுச் சக்கரம் சீஸ். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதில் ஒரு துண்டு குறைந்திருந்தது. "காலமை சாப்பிடாமல் ஓடி வந்தனான்" என்றான்.

திரும்பி வருகிற ரயிலில் சீஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. எனக்கு மனது பொறுக்கவில்லை.

"தம்பி, ஒண்டு சொல்லோணும். நான் இண்டைக்கு அவனுக்குப் போன் எடுக்க மறக்கேல்ல."

"தெரியும்ணா."

"எப்பிடி?"

"எதிர்லதான உக்காந்திருந்தேன். ஃபோன எடுத்தீங்க, பாத்தீங்க, திரும்ப பைக்குள்ள வெச்சிட்டீங்க."

"அப்ப நீர் எடுத்திருக்கலாமே!"

"என்கிட்ட அவர் நம்பர் இல்லண்ணா. மத்த எல்லா நம்பரும் இருக்கு."

அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. நானும் பயிற்சியாளருக்கு இன்றுவரை சொல்லவில்லை. அன்று ரயிலிலேயே அந்தப் போன் இலக்கத்தை அவருக்குக் கொடுத்தேன். அதை வாங்கிப் பதிந்துகொண்டு, சீஸ் வாசனை தன் வீட்டுக்குள் வந்தால் வீட்டுக்காரர் தன்னைத் துரத்திவிடுவார், தயவுசெய்து சீஸ் முழுவதையும் நானே கொண்டுபோக வேண்டும் என்று, ஓல்டன் வரும்வரை ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பியபடி கெஞ்சிக்கொண்டே வந்தார்.